மலைப் பிளவுக்கு ஒரு வாள்: எழுத்தாளர் மிகுபுனைவை நாடுவது ஏன்?

திருகோணமலைக்காரர் ஒருவர் எழுதிய மிக முற்பட்ட தமிழ் நாவல், கரடி வளர்த்த பிள்ளையைப் பற்றிய கதையின் தழுவல் ஆகும். 1891 இல் எஸ். இன்னாசித்தம்பி எழுதிய 'ஊசோன் பாலந்தை கதை', ஐரோப்பாவில் இடைக்காலம் முதல் வழங்கிவந்த ஓர்சன், வலன்டைன் என்னும் இரட்டையரின் கதையைத் தமிழுக்குக் கொண்டுவந்தது. காட்டிலே பிறந்த அந்த இரட்டையருள் ஒருவனைக் கரடி தூக்கிச் சென்று வளர்க்க, மற்றவன் அரசவையில் வளர்கிறான். கதையின் ஐரோப்பிய வடிவங்களில் உண்மையை உரைக்கும் பித்தளைத் தலையும் வானில் பறக்கும் மரக்குதிரையும்கூட வருகின்றன. நான்கு ஆண்டுகள் கழித்து, 1895 இல், இதே ஊரைச் சேர்ந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளையின் 'மோகனாங்கி' சென்னையில் வெளிவந்தது. அது நாயக்கர் காலத்தைக் களமாகக் கொண்ட வரலாற்று நாவல். நாவல் என்ற வடிவம் கைக்கு வந்ததும் இருவரும் தம் கண்முன் கிடந்த துறைமுகத்தை எழுத உட்காரவில்லை. ஒருவர் தொலைவான நாட்டுக்குப் போனார், மற்றவர் தொலைவான காலத்துக்குப் போனார்.

இத்தகைய கதைகளை நாவல் வளர்ச்சியின் மழலைப் பருவம் என்று கடந்துவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. இன்றும் மிகுபுனைவு, அதாவது மந்திரமும் அதிசயமும் நிகழும் கற்பனைக் கதை, எழுத விரும்பும் ஓர் இளைஞர் திருகோணமலையின் இலக்கியக் கூட்டமொன்றில் தம் விருப்பத்தைச் சொன்னால், இவ்வளவும் நடந்த மண்ணில் இருந்துகொண்டு நடக்காததை எழுத வேண்டிய தேவை என்ன என்று யாராவது ஒருவர் கேட்காமல் விடமாட்டார். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. போர், இடப்பெயர்வு, 2004 டிசம்பர் 26 இன் ஆழிப்பேரலை என்று, எழுதப்படாமல் கிடப்பவை இந்த மாவட்டத்தில் ஏராளம். ஆனாலும், மிகுபுனைவு நடந்தவற்றிலிருந்து விலகிப் போகும் எழுத்து என்ற எடுகோளின் மேல்தான் அந்தக் கேள்வி நிற்கிறது. மிகுபுனைவு எங்கிருந்து தொடங்குகிறது என்பதைக் கவனித்தால் அந்த எடுகோள் ஆட்டம் காணும்.

கவனிப்பதற்குத் திருகோணமலையை விட வசதியான இடம் குறைவு. திருக்கோணேச்சரம் அமைந்துள்ள சுவாமி மலையில், கடலை நோக்கிச் செங்குத்தாக இறங்கும் பாறையில் ஒரு பெரும் பிளவு இருக்கிறது. ஊர் அதை இராவணன் வெட்டு என்கிறது. சிவபக்தையான தன் தாய்க்காக இராவணன் கோணேச்சரத்தைப் பெயர்த்துச் செல்ல முயன்றபோது அவனது வாள் பட்ட இடம் அது என்பது ஐதிகம். இந்தக் கதை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். கண்முன்னே ஒரு பிளவு இருக்கிறது. பிளவு இருந்தால் யாரோ பிளந்திருக்க வேண்டும். இவ்வளவு பெரிய பாறையைப் பிளந்தவன் சாதாரண ஆளாக இருக்க முடியாது. சாதாரணன் அல்லாத ஒருவன் இவ்வளவு ஆத்திரத்தோடு வாளை வீசியிருந்தால் அதற்கு ஏற்ற காரணம் வேண்டும், அந்தக் காரணம் தாய். கல்லிலிருந்து புறப்பட்ட கற்பனை நான்கு எட்டில் ஒரு மகனின் மனத்துக்குள் வந்து நிற்கிறது. வாள் மட்டுமே இங்கே இட்டுக்கட்டப்பட்டது, பிளவு என்றும் அங்கேயே இருக்கிறது.

அதே கதையின் அடுத்த கண்ணி நகரிலிருந்து சில மைல் தொலைவில் உள்ள கன்னியாவில் கிடைக்கிறது. தாய் இறந்துவிட்டாள் என்று, முதியவர் வடிவில் வந்த திருமால் இராவணனுக்குச் சொன்னதாகவும், அவளுக்கான இறுதிக் கடன்களைச் செய்ய நீர் வேண்டி அவன் நிலத்தில் ஏழு இடங்களில் குத்த, ஏழிலும் வெந்நீர் பீறிட்டதாகவும் கூறுவார்கள். ஏழு கிணறுகளும் சதுரமாகக் கட்டப்பட்டவை, ஆழம் குறைந்தவை, அருகருகே இருப்பவை. அங்கே குளிக்கப் போனவர்களுக்குத் தெரியும், ஒரு கிணற்றில் ஒரு வாளி அள்ளி ஊற்றிவிட்டு அடுத்த கிணற்றுக்குப் போனால் சூடு சற்றே மாறும்; ஒன்றில் தாங்கக்கூடியதாக இருப்பது இன்னொன்றில் முதல் வாளிக்கே தோளைச் சுருக்க வைக்கும். தமிழ்ச் சைவர்கள் மரபாக இங்கே இறந்தவர்களுக்கான அந்தியேட்டிக் கிரியைகள் செய்து வந்திருக்கிறார்கள். இராவணன் தன் தாய்க்குச் செய்ததாகச் சொல்லப்படும் காரியத்தையே, தாயை இழந்தவர்கள் அதே நீரில் செய்கிறார்கள்.

புவியியல் இந்த வெந்நீருக்குத் தெளிவான விளக்கம் தருகிறது. இலங்கையில் எரிமலை இல்லை. பாறை வெடிப்புகள் வழியே மிக ஆழத்துக்கு இறங்கும் மழைநீர், அங்குள்ள வெப்பத்தில் சூடேறி, வேறு வெடிப்புகள் வழியே மேலே வருகிறது. தீவின் கிழக்குப் பக்கமாக, இரண்டு பழம்பாறைத் தொகுதிகள் சந்திக்கும் எல்லையை ஒட்டியே இத்தகைய ஊற்றுகள் பல அமைந்திருக்கின்றன. இந்த விளக்கம் சரியானது, போதுமானதும்கூட. ஆனால் தாயை எரித்துவிட்டு வந்து அந்த நீரைத் தலையில் ஊற்றிக்கொள்பவருக்கு அது பேசும் விடயம் வேறு. வாழ்வை உள்ளபடி காட்ட முனையும் நடப்பியல் எழுத்தாளர் அவரது துயரை எழுதும்போது, அது நெஞ்சைச் சுட்டது என்று உவமை வழியாக எழுதுவார். மிகுபுனைவு எழுத்தாளருக்கு அந்த உவமை போதாது. துயரத்தை நிலத்தில் குத்தி, அது உண்மையாகவே கொதித்துக்கொண்டு மேலே வரவும், வாளியால் அள்ளக்கூடிய பொருளாக மாறவும் அவர் வழி செய்கிறார். எழுத்தாளர் ஒருவர் இந்த வகைமையால் ஈர்க்கப்படுவதற்கு முதற்காரணம் இதுவே என்பது என் கணிப்பு. உள்ளே நிகழ்வதற்கு வெளியே ஓர் உடல் கிடைக்கிறது, அந்த உடலைப் பாத்திரங்கள் தொடலாம், அதற்காகச் சண்டை போடலாம், அதை இழக்கலாம். கன்னியா யாருடையது என்ற பிணக்கு இன்றும் ஓயவில்லை என்பதையும் இவ்விடத்தில் மறந்துவிட முடியாது.

இராவணன் என்ற பாத்திரம் இன்னொன்றையும் கற்றுத் தருகிறது. கடலுக்கு அக்கரையில் சொல்லப்பட்ட பெருங்காப்பியத்தில் அவன் அழிய வேண்டிய அரக்கன். இக்கரையில் அவன் தாய்க்குக் கொள்ளி வைத்த மகன். இரண்டு கதைகளையும் ஒரே வீட்டில், பல நேரம் ஒரே பாட்டியின் வாயால் கேட்டு வளரும் பிள்ளைக்கு, பகைவன் என்பது ஒருவனது பிறவிக் குணமல்ல, கதை சொல்பவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது என்ற பாடம் யாரும் சொல்லிக் கொடுக்காமலே ஏறிவிடுகிறது.

கந்தபுராணம் இதை இன்னும் துணிவாகச் செய்கிறது. போரின் முடிவில் சூரபன்மன் கடல் நடுவே மாமரமாக நிற்க, வேல் அதைப் பிளக்கிறது. ஒரு பாதி மயிலாகவும் மறுபாதி சேவலாகவும் மாறி, ஒன்று முருகனுக்கு வாகனமாகவும் மற்றது கொடியாகவும் அமைகின்றன. நெடிய போர் ஒன்றின் இறுதியில், தோற்றவனை அழிக்காமலும் மன்னித்து அனுப்பாமலும் உருமாற்றித் தன்னோடு வைத்துக்கொள்வது என்ற தீர்வை நடப்பியலுக்குள் நின்று யோசிக்கவே முடியாது. அதை ஏற்கிறோமா என்பது வேறு விடயம். போரைக் கண்ட ஊரில் எழுத உட்காருபவருக்கு, வெற்றி, தோல்வி, சமரசம் என்ற மூன்றுக்கும் அப்பால் நான்காவதாக ஒன்றை எண்ணிப் பார்க்க ஒரு மேடை கிடைப்பது சிறிய காரியமல்ல.

சூரன் போர் நாளில் முருகன் கோயில் வீதியில் நிற்பவர், வாசகர் மிகுபுனைவை எப்படி நம்புகிறார் என்பதையும் சேர்த்தே பார்க்கலாம். மரத்தாற் செய்த சூரனைப் பலர் தோளில் சுமந்து, முன்னும் பின்னும் ஓடி, உலுக்கி ஆட்டுவார்கள். யானை முகம் விழுந்ததும் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கவே ஒருவர் ஏறி அந்தத் தலையைக் கழற்றி, சிங்க முகத்தைப் பொருத்துவார். ஒளிவுமறைவு எதுவும் இல்லை. சுமப்பவரின் வியர்வை தெரியும், கழற்றப்பட்ட தலையை ஒருவர் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு போவதும் தெரியும். இருந்தும் வேல் புறப்படும் கணத்தில் கூட்டத்தில் எழும் ஆரவாரத்தில் பொய் கிடையாது. செய்யப்பட்டது என்று தெரிந்தே நம்புவது மனிதருக்கு மிக இயல்பான திறன். மிகுபுனைவு எழுத்தாளர் வாசகரை ஏமாற்றத் தேவையில்லை. தலை மாறும் ஒழுங்கை மட்டும் அவர் பிசகாமல் காக்க வேண்டும். சிங்க முகம் வர வேண்டிய இடத்தில் யானை முகம் திரும்ப வந்தால், அதுவரை மெய்மறந்து நின்ற கூட்டம் அப்போதுதான் அதை மரம் என்று காணும்.

இங்கேதான் வெளியில் இருப்பவர்கள் எண்ணுவதற்கும் எழுதுபவரின் அனுபவத்துக்கும் இடையிலான தூரம் மிகுதி. எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்ற சுதந்திரமே இந்த வகைமையின் கவர்ச்சி என்று கருதப்படுகிறது. எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நடப்பியல் கதையில் உலகத்தின் விதிகளை உலகமே பார்த்துக்கொள்ளும், மிகுபுனைவில் அவற்றை எழுத்தாளரே இயற்றி எழுத்தாளரே கட்டுப்பட வேண்டும். 1939 இல் ஸ்கொட்லாந்தின் செயின்ட் அன்றூஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய சொற்பொழிவில் ஜே. ஆர். ஆர். டோல்கீன், புனைந்த உலகத்துக்கு உள்ளிசைவு வேண்டும் என்று வலியுறுத்தினார். சிறைப்பட்டவன் வெளியே போக விரும்புவதைப் போர்க்களத்தை விட்டு ஓடுபவனின் செயலோடு குழப்பக் கூடாது என்றும் வாதிட்டார். இரண்டாவது கூற்றுத்தான் அதிகம் மேற்கோள் காட்டப்படுகிறது. எனக்கு முதலாவதே முக்கியமாகப் படுகிறது. மந்திரத்துக்கு விலை எவ்வளவு, அதை யார் கொடுக்கிறார், கொடுக்க மறுத்தால் என்ன ஆகும் என்ற கணக்கு சரியாக இருந்தால், வாசகர் பறக்கும் குதிரையைக் கூட ஏற்றுக்கொள்வார்.

ஈழத்துத் தமிழில் இந்த வகைமை ஏன் நீண்ட காலம் ஓரத்தில் நின்றது என்பதற்கும் காரணம் இருக்கிறது. 1950களிலும் 60களிலும் இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கமும், க. கைலாசபதி, கா. சிவத்தம்பி போன்ற விமர்சகர்களும் நடப்பியலை இலக்கியத்தின் மையத்தில் நிறுத்தினார்கள். அதனால் விளைந்த நன்மை பெரிது. அதுவரை கதைக்குள் வராதிருந்த உழைப்பாளரும் ஒடுக்கப்பட்டோரும் தம் பேச்சு வழக்கோடு உள்ளே வந்தார்கள். மூதூரைச் சேர்ந்த வ. அ. இராசரத்தினத்தின் 'தோணி' போன்ற சிறுகதைகள் கொட்டியாரக் கரையின் வாழ்வுக்கு இலக்கியத்தில் இடம்பிடித்துக் கொடுத்தன. ஆனால் அளவுகோல் ஒன்றே ஒன்றாக நிலைபெற்றதும், அதற்குள் அடங்காதவை பிற்போக்கு என்றோ பொழுதுபோக்கு என்றோ ஒதுக்கப்பட்டன. மு. தளையசிங்கம் போன்ற சிலர் எதிர்க்குரல் எழுப்பியும் பொதுப்போக்கு மாறவில்லை.

பின்னர் போர் வந்தபோது எழுத்தாளர் மேல் இன்னொரு சுமை ஏறியது. அவர் எழுதுவது சாட்சியமாக வாசிக்கப்பட்டது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அருகருகே வாழும் திருகோணமலை மாவட்டத்தில் இந்தச் சுமை இன்னும் கனமானது. ஒரு பாத்திரத்துக்குப் பெயர் வைத்தவுடன் அவர் எந்தச் சமூகம் என்பது தெரிந்துவிடும். ஊரின் பெயரை எழுதியவுடன் எந்த ஆண்டு, எந்தச் சம்பவம், அன்று யார் யாரை என்ன செய்தார்கள் என்று வாசகர் தம் கணக்கைத் திறந்துவிடுவார். கதையில் ஒரு பிள்ளை தண்ணீர் கேட்டு அழுதால்கூட, அந்தப் பிள்ளை யாருடைய பிள்ளை என்று பார்த்த பிறகே இரங்கலாமா என்று முடிவு செய்யும் மனநிலை ஒன்று நம் எல்லோரிடமும் படிந்திருக்கிறது. பெயர் தெரியாத நாட்டில், எந்தப் பதிவேட்டிலும் இல்லாத குலத்தில் அந்தப் பிள்ளையை வைத்தால், அழுகை முதலில் கேட்கிறது. எழுத்தாளர் தேடுவது அந்தச் சிறிய முந்துதலைத்தான்.

இதிலே ஒரு படுகுழியும் உண்டு, அதில் பலர் விழுகிறார்கள். உண்மையான பகையை அப்படியே எடுத்து, ஒரு தரப்புக்குக் கொம்பும் கோரைப்பல்லும் பூட்டி, பிறவியிலேயே தீய குலம் ஒன்றைப் படைத்துவிட்டால், அது நடப்பியலில் எழுதத் துணியாத வெறுப்பை முகமூடியோடு எழுதுவதாகவே முடியும். அத்தகைய நூலை விடப் பக்கச்சார்பான நேரடிக் கதையே மேல். அதிலே குறைந்தபட்சம் வாசகர் எதிர்த்து வாதாடப் பெயரும் திகதியும் இருக்கும். இராவணனை மகனாகவும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தக் குழியைத் தவிர்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

குழியைத் தவிர்த்தவர்களுக்குக் காத்திருக்கும் பொருள் என்ன என்று கேட்டால், குளக்கோட்டன் கதையைக் காட்டலாம். கோணேச்சரத் திருப்பணியோடும் கந்தளாய்க் குளத்தோடும் தமிழ் மரபு இணைத்துப் பேசும் மன்னன் அவன். அவன் மணந்த ஆடகசவுந்தரி, பேழையில் வைக்கப்பட்டுக் கடலில் விடப்பட்டுக் கரை சேர்ந்த பெண். குளத்தைக் கட்டியவை பூதங்கள் என்கிறது கதை. வரலாற்றாசிரியர்கள் அந்தக் குளத்தை அநுராதபுர மன்னர்களின் பணியாகக் குறிப்பிடுகிறார்கள். இரண்டு கூற்றிலும் ஒருவர் பெயரும் இல்லாமல் போனவர்கள் மண் சுமந்தவர்கள். பூதம் என்பது, இத்தனை பெரிய அணைக்கட்டு எத்தனை தோள்களைத் தின்றிருக்கும் என்ற திகைப்பு எடுத்த உருவம் என்றே எனக்குத் தோன்றுகிறது. 1986 ஏப்ரலில் அந்த அணைக்கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள் பலியானதை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு, அணை என்பது உறங்கும் வல்லமை ஒன்றின் மேல் கட்டப்பட்டது என்ற எண்ணம் வெறும் கற்பனையாகப் படாது. மன்னனின் கதையாக இதுவரை சொல்லப்பட்டதைப் பூதங்களின் பக்கம் நின்று ஒருவர் எழுதினால், அது உழைப்பாளரின் கதையாகவும் இருக்கும். முற்போக்கு விமர்சகரும் வாசிக்க வேண்டிய மிகுபுனைவாக இருக்கும்.

தொலைவில் நின்று ஓர் இடத்தைப் படைப்பதற்கும் இந்த ஊருக்கு முன்மாதிரி உண்டு. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய பதிகம், "குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும் கோணமாமலை" என்று, அலை முத்துக்களை ஒதுக்கும் கரையைக் காட்டுகிறது. அவர் கடல் கடந்து வரவில்லை, இராமேசுவரத்தில் நின்றே பாடினார் என்பது மரபு. இன்றைக்கு டொரன்டோவிலும் இலண்டனிலும் இருந்து எழுதுபவர்களில் சிலர், திரும்பிப் போக முடியாத ஊரை வேறு பெயரிட்டு வேறு கடலோரத்தில் கட்டியெழுப்புவதற்கும் இதற்கும் உறவு இருக்கிறது. ஆனால் தொலைவில் இருந்து எழுதுவதில் எல்லாவற்றையும் அதிசயமாக்கிவிடும் ஆபத்தும் உண்டு. திருகோணமலையின் பிரட்றிக் கோட்டைக்குள் வாழும் புள்ளிமான்கள் நகரத் தெருக்கள் வரை வந்து திரிவதைக் கண்டு பயணிகள் வியந்து படம் எடுப்பார்கள். மரக்கறிப் பையோடு போகும் உள்ளூர்ப் பெண்மணி மானைப் பையிலிருந்து தள்ளி விரட்டிவிட்டுத் தம் வழியே போவார். புனைந்த உலகம் உயிர்பெறுவது அந்தப் பெண்மணியின் பார்வையில் எழுதப்படும்போதுதான்.

காலத்தைத் திருப்பிப் போடும் ஆசையும் எழுத்தாளரை இந்தப் பக்கம் இழுக்கிறது. 1622 இல் போர்த்துக்கேயர் கோணேச்சரத்தை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை எழுப்பினர். கோட்டை வாயிலில் இரட்டைக் கயலும் தமிழ்க் கல்வெட்டு ஒன்றின் சிதைவும் இன்றும் உள்ளன. "முன்னே குளக்கோட்டன் மூட்டு திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிக்கவே" என்று தொடங்கும் பாடல் அதனோடு தொடர்புபடுத்தப்படுகிறது. பூனைக்கண்ணர், செங்கண்ணர், புகைக்கண்ணர் என்று இனி வரப்போகும் ஆட்சியாளரைக் கண்ணின் நிறத்தால் வரிசைப்படுத்தும் எதிர்வுகூறல் அது. இழந்தவர்கள், இழப்பு முன்னரே தெரிந்திருந்தது என்று சொல்வதன் மூலம் காலத்தின் மேல் தமக்கு ஓர் உரிமையை எடுத்துக்கொள்கிறார்கள். அதற்குப் பின் நிகழ்ந்தவை எந்தப் புனைவுக்கும் குறைந்தவை அல்ல. 1950 இல் கிணறு தோண்டியபோது புதைந்திருந்த செப்புத் திருமேனிகள் வெளிவந்தன. 1956 இல் மைக் வில்சனும் அறிவியல் புனைகதை எழுத்தாளரான ஆதர் சி. கிளார்க்கும் சுவாமி மலையின் அடியில் கடலுக்குள் மூழ்கி, பழைய கோயிலின் செதுக்கப்பட்ட கற்களைக் கண்டனர். 1963 இல் கோயில் மீண்டும் எழுந்து குடமுழுக்குக் கண்டது.

பொருளுக்குக் குறைவில்லை, தட்டுப்பாடு மொழியில் இருக்கிறது. தமிழில் மிகுபுனைவு எழுதத் தொடங்கும் பலரது பாத்திரங்கள், முடி தரித்த கணமே மேடை நாடகத் தமிழுக்குத் தாவிவிடுகின்றன. அரசன் "யாரங்கே" என்பான், அரக்கன் இடியெனச் சிரிப்பான், மந்திரவாதி அடுக்குமொழியில் சபிப்பான். நடப்பியல் எழுத்தாளர்கள் பேச்சுத் தமிழுக்காகப் போராடிப் பெற்ற உரிமையை மிகுபுனைவு எழுத்தாளர் ஏன் கைவிட வேண்டும் என்பது எனக்கு விளங்கவில்லை. மூதூரிலோ கிண்ணியாவிலோ தம்பலகாமத்திலோ பேசப்படும் தமிழ் ஒன்றைப் பூதத்தின் வாயில் வைத்துப் பார்க்கலாம். கந்தளாயில் கடைசிக் கூடை மண்ணைக் கொட்டிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு வந்து, "கட்டு முடிஞ்சுது ராசா, எங்கட கூலி எப்ப வரும்?" என்று கேட்கும் பூதத்துக்குக் கோரைப்பல் தேவைப்படாது. அதற்குக் குளக்கோட்டன் எந்தத் தமிழில் பதில் சொல்வான் என்பதுதான் எழுத்தாளர் அடுத்த வரியிலேயே தீர்க்க வேண்டிய சிக்கல்.